முதல் சம்பளத்தை விடுங்கள், மூப்பு எண்ணைப் பாருங்கள்

ஒரே வாரத்தில் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் கிள்ளானைச் சேர்ந்த தம்பி. வயது 23. சிபிஎல் எனும் வணிக விமானி உரிமம் கையில் இருக்கிறது. இரண்டு நிறுவனங்களின் தேர்விலும் தேறிவிட்டு எதற்குச் சரி சொல்வது என்று தவிக்கிறார். இன்னொருவர் பட்டர்வொர்த் பெண். வயது 31. ஏடிஆர் என்ற சின்னப் புரொப்பெல்லர் விமானத்தில் 2,600 மணி நேரம் பறந்திருக்கிறார். இருக்கும் இடத்திலேயே கமாண்டுக்கு, அதாவது கேப்டன் பதவிக்கு, காத்திருப்பதா, ஜெட்டுக்கு மாறுவதா, வளைகுடாவுக்கு மனுப் போடுவதா என்பது அவர் கேள்வி.

இருவரும் சம்பளத்தைப் பற்றி விரிவாகக் கேட்டிருந்தார்கள். பணிமூப்பைப் பற்றி, அதாவது சேர்ந்த தேதிப்படி விமானிகளை வரிசைப்படுத்தும் பட்டியலைப் பற்றி, ஒரு வரிகூட இல்லை. 25 ஆண்டுகளுக்கு மேல் பறந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: என்னைத் தூக்கிவிட்டதும் கீழே தள்ளியதும் அந்தப் பட்டியல்தான். ஆகவே அதையே நடுவில் வைத்து, நம் கோலாலம்பூர், பினாங்குப் பிள்ளைகளுக்கு எட்டக்கூடிய நிறுவனங்களை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

நான் விட்டுவந்த எண்

2007இல் நான் ஒரு நிறுவனத்தில் எட்டாவது ஆண்டுத் துணை விமானி. கமாண்ட் வரிசையில் எனக்கு முன்னால் 11 பேர் இருந்தார்கள். இன்னொரு நிறுவனம் மாதம் 3,000 வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாகத் தருவதாகச் சொன்னது. மூத்த மகள் பிறந்திருந்த நேரம். ஷா ஆலாமில் வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தோம். போய்விட்டேன்.

புதிய இடத்தில் பட்டியலின் கடைசி எண் என்னுடையது. அடுத்த ஆண்டு ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. நிறுவனம் கமாண்ட் பயிற்சியை நிறுத்தியது. பழைய இடத்தில் எனக்கு இரண்டு எண் பின்னால் இருந்த நண்பன், அந்த வருடத் தீபாவளிக்குத் தோளில் கேப்டனுக்குரிய நான்காவது பட்டையோடு வீட்டுக்கு வந்தான். எனக்கு அது 2014இல்தான் கிடைத்தது. கேப்டன் சம்பளத்துக்கும் என் சம்பளத்துக்கும் இருந்த இடைவெளி, நான் ஆசைப்பட்ட அந்த 3,000 வெள்ளியைப் போல மூன்று மடங்கு. ஆறு ஆண்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பணம் மட்டும் இல்லை. அங்கே விடுப்பும் எண்படிதான். ஆறு தீபாவளி எனக்கு ஸ்டாண்ட்பை, அழைத்தால் உடனே பறக்கப் போக வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா தலையில் எண்ணெய் வைப்பார். கைப்பேசியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குளியலறை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் குளிப்பேன். அலமாரிக் கதவில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை தொங்கும். பிள்ளைகள் புதுத்துணி உடுத்தி முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்க மாட்டார்கள், அந்தச் சட்டையைத்தான் பார்ப்பார்கள்.

எதை வைத்து அளப்பது

பணிமூப்பு என்பது நீங்கள் சேர்ந்த தேதி தரும் இடம். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் அந்த எண்தான் எல்லாம்: எந்த விமானம், எந்த ஊர், எந்த ரோஸ்டர் (பணி அட்டவணை), எப்போது கேப்டன். 20 ஆண்டு அனுபவமுள்ள கேப்டன் அங்கே நிறுவனம் மாறினால், கடைசி எண்ணில் துணை விமானியாகத்தான் தொடங்குவார். நம் வட்டாரத்தில் அவ்வளவு இறுக்கம் இல்லை. சிம் எனும் பாவனை விமானத்தில் நடக்கும் தேர்வு, பறந்த மணி நேரம், பயிற்றுநர் அறிக்கை எல்லாம் சேர்ந்து பேசும். ஆனால் தகுதியுள்ளவர்கள் நிற்கும் வரிசையில் யார் முன்னால் என்று கேட்டால், சேர்ந்த தேதிதான் பதில் சொல்லும்.

முதலில் பார்க்க வேண்டியது, உங்களுக்கு மேலே எத்தனை பேர், எந்த வயதில் இருக்கிறார்கள் என்பது. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நிறுவனத்தில் 1,000 விமானிகள், அதில் 500 கேப்டன்கள். நீங்கள் 1,001ஆவது ஆள். ஆண்டுக்கு 25 பேர் மேலிருந்து ஓய்வு பெறுகிறார்கள். விமானங்கள் கூடவே இல்லையென்றால் நீங்கள் முதல் 500க்குள் வர 20 ஆண்டு ஆகும். அதே நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து சின்ன ஜெட் கூடுதலாகக் கொண்டுவந்தால்? ஒரு ஜெட்டை நாள் முழுக்க ஓட்டச் சுமார் ஐந்து ஜோடி விமானிகள் வேண்டும். அதாவது ஆண்டுக்கு 25 புதிய கேப்டன் இடம். நீங்கள் 25 படி ஏற, கேப்டன் கோடு 25 படி இறங்கி வரும். பத்தே ஆண்டில் சந்தித்துக்கொள்வீர்கள். விமானம் வாங்குவது பத்து ஆண்டைச் சுருக்கிவிடுகிறது.

மேலே இருப்பவர்கள் இறங்காமலும் போகலாம். 2006இல் ஐசிஏஓ என்ற பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு விமானிகளின் வயது வரம்பை 60இலிருந்து 65 ஆக்கியது. அமெரிக்கா 2007 டிசம்பரில் அதைச் சட்டமாக்கியபோது, அந்த மாதம் இறங்க வேண்டிய கேப்டன்கள் இன்னும் ஐந்து ஆண்டு உட்கார்ந்தார்கள். கீழே காத்திருந்த ஒரு தலைமுறையே தேங்கியது. 65ஐ உயர்த்த வேண்டும் என்ற பேச்சு உலகில் நிற்கவில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது, வெளியிலிருந்து நேரடியாகக் கேப்டன்களை எடுக்கிறார்களா என்பது. எடுத்தால், உங்கள் எண் நகர்ந்தாலும் இருக்கை நகராது. பிறகு நிறுவனத்தின் ஆயுள்: ஆட்குறைப்பு வந்தால் பல இடங்களில் கடைசியாக வந்தவர்தான் முதலில் போவார். பாண்டு, அதாவது இத்தனை ஆண்டு வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம், எத்தனை ஆண்டு, இடையில் போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதும் உண்டு. விமானப் படிப்புக்கே மூன்று லட்சம் வெள்ளிக்கு மேல் போய்விடுகிறது. அப்பாவின் சேமநிதியை எடுத்தும் வீட்டை அடமானம் வைத்தும் படித்த பிள்ளைகள் நம்மில் அதிகம். அவர்கள் பாண்டுத் தாளை இரண்டு முறை படிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நான் தாமதமாகக் கற்றது இதுதான்: மூப்பு எண் நிறுவனத்தின் வாசலைத் தாண்டாது, ஆனால் கேப்டனாகப் பறந்த மணி நேரம் உங்களோடு வரும். கீழே ஒவ்வொரு நிறுவனத்தையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

மலேசியா ஏர்லைன்ஸ்

நம்மூரில் பணிமூப்புப் பட்டியலுக்கு நீண்ட வரலாறு உள்ள இடம் இது. விமானிகளுக்குச் சங்கம் இருக்கிறது, மூப்புக்கு மரியாதை இருக்கிறது. 737, ஏ330, ஏ350 என்று பல வகை இருப்பதால், ஒரே பட்டியலில் இருந்துகொண்டே சின்ன ஜெட்டிலிருந்து பெரிய விமானத்துக்குப் போகலாம். முப்பது நாற்பது ஆண்டு ஒரே சீருடையில் இருக்க நினைப்பவருக்கு இது பெரிய வசதி.

ஆனால் விமான ஆர்டர் செய்தியைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2022இல் அறிவித்த 20 ஏ330நியோ விமானங்கள், கையிலிருந்த 21 பழைய ஏ330களின் இடத்தில் வருபவை. பழையது போய்ப் புதியது வந்தால் கேப்டன் இடம் கூடாது. பயணிக்கு அது புது விமானம். பட்டியலில் நிற்பவருக்கு அதே வரிசை. 2025இல் மேலும் 20 ஏ330நியோவும் 30 போயிங் 737களும் அறிவித்தார்கள். அதில் எத்தனை மாற்று, எத்தனை கூடுதல் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் உங்கள் வேலை.

அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா பின்னால் இருப்பதால் நிறுவனம் மூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நிறுவனம் மூடவில்லை, உண்மைதான். ஆனால் 2014இல் எம்எச்370, எம்எச்17 என்ற இரண்டு பெருந்துயரங்களுக்குப் பிறகு நடந்த மறுசீரமைப்பில் சுமார் 6,000 பேர் வேலை இழந்தார்கள். 2015 செப்டம்பரில் புதிய நிறுவனமாகத் தொடங்கினார்கள். பெரிய விமானத்தின் மீது ஆசை வைத்துப் போனவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு: ஆறு ஏ380களும் கோவிட் காலத்தோடு சேவையிலிருந்து போய்விட்டன.

மறைந்த செலவு, துணை விமானியின் வலது இருக்கையில் கழியும் காலம். பெரிய விமானத்தில் துணை விமானியாக இருப்பவருக்கு மணி நேரம் மளமளவென்று கூடும்; ஏறி இறங்கும் எண்ணிக்கை கூடாது. லண்டன் போய்வந்தால் 26 மணி நேரத்துக்கு மேல் பதிவாகும், ஆனால் தரையிறக்கம் உங்கள் பங்குக்கு ஒன்று கிடைத்தாலே நல்லது. சின்ன ஜெட்டில் பினாங்கு, லங்காவி, கோத்தா பாரு என்று ஓடுபவர் அதை ஒரே காலையில் செய்துவிடுவார்.

இதே குழுமத்தின் ஃபயர்ஃப்ளை, சுபாங்கிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஏடிஆர் 72 ஓட்டுகிறது. குழுமம் ஒன்று என்பதால் மூப்பு ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் சேர்ந்த தேதி கூட வருமா என்று எழுத்தில் கேளுங்கள்.

ஏர் ஏசியா

2001இல் ஒரு வெள்ளிக்கு வாங்கி, அடுத்த ஆண்டு இரண்டே விமானங்களோடு மறுபடி தொடங்கிய நிறுவனம். பிறகு அது வளர்ந்த வேகத்தில், மேலே சொன்ன கணக்கு கண்ணெதிரே நடந்தது. முப்பதைத் தொடும் முன்பே நான்கு பட்டை போட்டவர்களை நான் சிப்பாங்கில் பார்த்திருக்கிறேன். மேலே மூத்தவர்கள் குறைவு, விமானங்கள் அதிகம், வகை பெரும்பாலும் ஏ320 குடும்பம் ஒன்றே. வரிசை நகரத் தடையே இல்லை.

இன்று நிலை வேறு. அப்போது இளம் கேப்டன்களாக ஆனவர்களுக்கு இப்போது நாற்பதுகள். 65க்கு இன்னும் இருபது ஆண்டு இருக்கிறது. ஓய்வால் காலியாகும் இடம் குறைவு, அதனால் உங்கள் எண் நகர வேண்டுமென்றால் விமானம் வந்தே ஆக வேண்டும். 300க்கும் மேற்பட்ட ஏ321நியோ ஆர்டரில் இருப்பது உண்மை. ஆனால் அவை மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், 2024இல் தொடங்கிய கம்போடியா என்று ஐந்து நாட்டுக்குப் பிரியும். பேங்காக்குக்கு ஒதுக்கப்படும் விமானம் கோலாலம்பூர் பட்டியலை ஓர் எண்கூட நகர்த்தாது.

இன்னொன்று, இணைப்பு. ஏர் ஏசியாவையும் ஏர் ஏசியா எக்ஸையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் திட்டத்துக்கு 2024இல் பங்குதாரர்கள் ஒப்புதல் அளித்தார்கள். ஒரு பக்கம் சின்ன ஏ320, மறுபக்கம் பெரிய ஏ330. இரண்டு பட்டியல்களை இணைக்கும் நிலை எங்கே வந்தாலும் ஒவ்வோர் எண்ணும் அசையும். அமெரிக்காவில் யூஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் 2005இல் இணைந்தபோது, 2007இல் நடுவர் தந்த பட்டியலை ஒரு தரப்பு ஏற்கவே இல்லை. சங்கத்தையே மாற்றினார்கள், நீதிமன்றம் போனார்கள், சண்டை பத்து ஆண்டு இழுத்தது. நம்மூரில் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. சேரும் முன், இணைப்பு வந்தால் தேதி எப்படி எண்ணப்படும் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே நாளில் நான்கு ஏற்றம், நான்கு இறக்கம் உடம்பை வாட்டும். ஆனால் பெரும்பாலான இரவுகள் வீட்டில்தான். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். கோவிட்டில் இதன் விமானங்கள் தரையில் நின்றன என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

பாத்திக் ஏர்

2013இல் மாலிண்டோவாகத் தொடங்கி 2022இல் பெயர் மாறியது. 737 ஓட்டுகிறது. பட்டியல் குட்டை, வளரும் காலத்தில் கமாண்ட் சீக்கிரம் வரும். தாய் நிறுவனமான இந்தோனேசியாவின் லயன் குழுமம் எடுக்கும் முடிவுக்கு ஏற்ப விமானங்கள் வரும், போகும். மூப்பின் உறுதியை விட வேகத்தை விரும்புபவருக்கான இடம்.

இதைவிடப் புதிய நிறுவனங்களுக்கு ஓர் எச்சரிக்கை. மைஏர்லைன் 2022 டிசம்பரில் பறக்கத் தொடங்கியது. 2023 அக்டோபர் 12 காலையில் சேவையை நிறுத்தியது. முதல் பத்து எண்ணில் இருந்தவருக்கும் அன்று எண் இல்லை.

சிங்கப்பூர்: எஸ்ஐஏ (சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்), அதன் மலிவுக் கட்டண நிறுவனம் ஸ்கூட்

ஒரு சிங்கப்பூர் டாலர் மூன்று வெள்ளிக்கு மேல். ஜொகூர் பாருவில் வீடு வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் நம் விமானிகள் உண்டு. நிறுவனத்தின் பணபலம் ஆசியாவிலேயே முன்வரிசை. பட்டியல் நேர்மையாக நகரும், ஆனால் நிதானமாக நகரும். ஸ்கூட்டில் சின்ன ஜெட் இருப்பதால் கமாண்ட் அங்கே சற்று முன்னால் வரலாம்.

மறைந்த செலவு இரண்டு. நிரந்தரவாசத் தகுதி இல்லாதவருக்கு அங்கே சிபிஎஃப் (சிங்கப்பூரின் சேமநிதி) கிடையாது, இங்கே சேமநிதியும் நின்றுபோகும். இங்கே 5,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி பங்கு 12 விழுக்காடு, உங்கள் பங்கு 11. முப்பது ஆண்டில் அது ஒரு வீடு. இரண்டாவது, கெட்ட காலத்தில் வெளிநாட்டவரின் எண் உண்மையான எண் இல்லை. 2020 செப்டம்பரில் எஸ்ஐஏ குழுமம் சுமார் 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் எந்த நாடும் தன் பிள்ளைகளைத்தான் முதலில் காப்பாற்றும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, தெரிந்து போங்கள் என்கிறேன்.

வளைகுடா: எமிரேட்ஸ், கத்தார்

வரி இல்லாத சம்பளம், வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம். 777, ஏ350, ஏ380 என்று கனவு விமானங்கள். புதிதாக உரிமம் எடுத்தவருக்கு இது இல்லை. ஆயிரக்கணக்கான மணி நேரம் கையில் வேண்டும். அமீரகத்தில் தொழிற்சங்கத்துக்கு இடமில்லை. மூப்பு விதியை நிறுவனம் எழுதும், நிறுவனமே மாற்றும். வெளியிலிருந்து நேரடிக் கேப்டன்களை எடுத்ததும் உண்டு. 2020இல் நூற்றுக்கணக்கான விமானிகளை அனுப்பிவிட்டார்கள். விசா வேலையோடு ஒட்டியிருப்பதால், வேலை போன கையோடு வீட்டையும் பள்ளியையும் காலி செய்ய வேண்டியிருந்தது.

இருந்தும் ஒரு சூழலில் இதுதான் சிறந்த தேர்வு: ஏற்கெனவே கேப்டனாகப் பறந்தவர், 40ஐ ஒட்டிய வயது, பத்து ஆண்டில் கடனை முடித்துத் திரும்ப வேண்டும் என்று திட்டம் உள்ளவர். போகிறவர்கள் சேமநிதியில் தாமாகக் கட்டும் வசதியை விடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை கட்டலாம்.

ஒரே பார்வையில்

| நிறுவனம் | கமாண்டின் வேகம் | மூப்பின் உறுதி | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| மலேசியா ஏர்லைன்ஸ் | மெது | அதிகம் | வலது இருக்கையில் நீண்ட காலம் | ஒரே இடத்தில் ஓய்வு வரை இருப்பவர் |
| ஏர் ஏசியா | விமான வரவைப் பொறுத்தது | நடுத்தரம் | விமானம் பிற நாட்டுக்குப் போகலாம், உடல் அலுப்பு | முப்பதுகளில் கமாண்ட் தேடும் இளையவர் |
| பாத்திக் ஏர் | வேகம் | குறைவு | தாய்க் குழுமத்தின் முடிவு | வேகத்துக்காகத் துணிபவர் |
| சிங்கப்பூர் | நிதானம் | நல்ல காலத்தில் அதிகம் | சேமநிதி இழப்பு, வெளிநாட்டவர் நிலை | ஜொகூரில் குடியிருக்கத் தயாரானவர் |
| வளைகுடா | மாறிக்கொண்டே இருக்கும் | குறைவு | சங்கமில்லை, விசா | கேப்டன் மணி நேரம் உள்ளவர் |

இந்த இருவருக்கும் என் பதில்

எந்த நிறுவனமானாலும், அங்கே பறக்கும் ஒருவரைப் பிரிக்ஃபீல்ட்ஸில் தேநீருக்கு அழைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசியாகக் கமாண்ட் பயிற்சிக்குப் போனவர் எந்த ஆண்டு சேர்ந்தவர்? நேர்முகத்தில் காட்டும் படங்களில் இல்லாத பதில் அதில் இருக்கும்.

பட்டர்வொர்த் தங்கை அதைக் கேட்டுவிட்டு மறுபடி எழுதினார். போன மாதம் பயிற்சிக்குப் போனவர் அவருக்கு ஓராண்டு முன்னால் சேர்ந்தவராம். அப்படியானால் இருங்கள், அம்மா. பினாங்கிலிருந்து பறந்துகொண்டு, பாலம் தாண்டி இரவு வீட்டுக்கு வந்துகொண்டு, அந்த நான்காவது பட்டையை வாங்குங்கள். ஏடிஆரின் கேப்டன் மணி நேரத்தை ஜெட் நிறுவனங்கள் முழு மதிப்புக்கு எடுக்காது, ஆனால் ஒதுக்கவும் செய்யாது. 500 மணி நேரம் கேப்டனின் இடது இருக்கையில் உட்கார்ந்த பிறகு வளைகுடாவுக்கோ ஜெட்டுக்கோ மனுப் போடுங்கள். அந்த இடைவெளி ஓராண்டாக இல்லாமல் நான்கு ஆண்டாக இருந்திருந்தால், இன்றே ஜெட்டுக்குப் போங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். 31 வயதில் ஏடிஆரின் வலது இருக்கையில் மேலும் நான்கு ஆண்டு உட்காரக் கூடாது.

கிள்ளான் தம்பி விசாரித்த இரண்டு இடங்களில், ஒன்றில் கடைசிக் கேப்டன் ஏழு ஆண்டு முன்னால் சேர்ந்தவர், மற்றதில் பன்னிரண்டு. இரண்டாவதில் தொடக்கச் சம்பளம் 900 வெள்ளி கூடுதல். 23 வயதுக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். முப்பதில் கமாண்ட் எடுத்தால் அதன் பிறகு பல வாசல்கள் கேப்டனாகவே திறக்கும். பட்டை வரும் வரைக்கும் அங்கிருந்து அசையக் கூடாது, யார் எவ்வளவு கொடுத்தாலும்.

அவர் இன்னொன்றும் கேட்டிருந்தார். மார்ச் வகுப்பில் சேரச் சொல்கிறார்களாம். அக்கா கல்யாணம் அதே மாதம், ஏப்ரல் வகுப்புக்குத் தள்ளிப்போட்டால் என்ன என்கிறார். தம்பி, ஒரு வகுப்புக்கு 24 பேர். அந்த ஒரு மாதத்துக்காக 24 பேர் உங்களுக்கு முன்னால் ஏறிக்கொள்வார்கள், நீங்கள் அங்கே இருக்கும் வரை முன்னாலேயே இருப்பார்கள். மார்ச்சில் சேருங்கள். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் விடுப்பு முதல் நாளே கேட்டு வாங்குங்கள். அக்காவிடம் நான் பேச வேண்டுமென்றால் பேசுகிறேன்.